முப்பது பேருக்கு ஒரே நம்பர்

அடியே,

நேற்றுக் காலை உன் போன் என் மானத்தை வாங்கிவிட்டது. பத்து மணித் தேநீர் முடிந்து எல்லோரும் மேசைக்குத் திரும்பியிருந்தோம். எனக்கு எதிரே உட்காரும் ரிஸ்னா, எங்கள் தையல் தொழிற்சாலைக்கு வந்திருந்த விண்ணப்பங்களில் தெரிவானவர்களை ஒவ்வொருவராக அழைத்து, நாளை நேர்முகத் தேர்வுக்கு வரச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஐந்தாவது விண்ணப்பத்தை எடுத்தாள், நம்பரை அழுத்தினாள். என் கைப்பைக்குள் சேவல் கூவியது.

நீ வைத்துவிட்டுப் போன அதே சேவல். அந்தச் சத்தத்தை மாற்று மாற்று என்று எத்தனை தடவை உன்னிடம் தலையால் அடித்துக்கொண்டேன்! பாட்டு வைத்தால் ஆட்கள் பாட்டைக் கேட்டுக்கொண்டு நிற்பார்கள், சேவல் என்றால்தான் போனை எடுப்பார்கள் என்று நியாயம் பேசினாய். நேற்று அது கூவக் கூவ அலுவலகமே திரும்பிப் பார்த்தது. மனேஜர் கண்ணாடி அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். நான் பையைத் துழாவி, குடையையும் சாப்பாட்டுப் பெட்டியையும் மேசையில் கொட்டி, கடைசியில் ரப்பர் பட்டி சுற்றிய உன் பட்டன் போனை எடுத்தேன். பழக்க தோஷம், உன் போனில் எப்போதும் சொல்வதை வாய் தானாகச் சொன்னது.

"ஆமாங்க, சொல்லுங்க. பேனா கையிலதான் இருக்கு."

இரண்டு முழ தூரத்தில் உட்கார்ந்திருந்த ரிஸ்னா, ரிசீவரைக் காதில் வைத்தபடியே என்னைப் பார்த்தாள். "தர்ஷினியா பேசுறது?" என்று கேட்டாள். அப்புறம் ரிசீவரை வைத்துவிட்டு, "அக்கா, இது என்ன வெளையாட்டு?" என்றாள். நான் சிரிக்கத் தொடங்கினேன். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன். உன்னைப் பற்றி அந்தப் பிள்ளைக்கு எங்கிருந்து தொடங்கிச் சொல்வது?

போன் ரப்பர் பட்டிக்குள் நீ மடித்துச் செருகிய அந்தத் தாளிலிருந்து தொடங்கினேன். நீ கண்ணை மூடியபோது அதில் முப்பது பேர் இருந்தார்கள். வேலை தேடி உன் நம்பரைத் தங்கள் நம்பராக எழுதிக்கொடுத்த முப்பது பேர். ஒவ்வொருவருக்கும் வேலை கிடைக்கக் கிடைக்க நான் ஒவ்வொரு பெயராக வெட்டிக்கொண்டு வந்தேன். வெட்டாமல் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு பெயர். மடுல்சீமைப் பக்கத்துத் தர்ஷினி. அவளுக்கும் கிடைத்துவிட்டால் உன் போனை அணைத்துவிட வேண்டியதுதான் என்று எனக்கு நானே கெடு வைத்திருந்தேன். அவளுக்குக் கிடைக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டேன். கிடைத்தால் சேவல் செத்துப்போகுமே என்றும் இருந்தது. மனசு என்பது எவ்வளவு கேவலமான சாமான் பார்.

நினைவிருக்கிறதா, உயர்தரப் பரீட்சை முடித்த வருஷம்? நீ பதுளை டவுனுக்கு அடுத்த தேயிலைத் தோட்டம் என்பதால், பஸ் நிலையத்துக்கு எதிரே ஹாஜியாரின் கொமியூனிகேஷன் கடையில் போட்டோ கொப்பி மிஷினுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாய். நான் மடுல்சீமைக்கும் அந்தப் பக்கம். பேப்பரில் வரும் வேலை விளம்பரத்தை எல்லாம் வெட்டி எடுத்துக்கொண்டு, இரண்டு கிழமைக்கு ஒருமுறை பஸ் ஏறி உன்னிடம் வருவேன். நீ என் சான்றிதழ்களைக் கொப்பி எடுத்து, லேமினேட் பண்ணிச் சூட்டோடு கையில் தருவாய். அந்தச் சூடான பிளாஸ்டிக் வாசனைதான் அப்போது எங்களுக்கு வேலையின் வாசனை.

எங்களுக்கு வீட்டு நம்பர் ஏது, தெரு ஏது? தோட்டத்தின் பெயரும் டிவிஷனின் பெயரும்தான் விலாசம். கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வரும். அங்கிருந்து எங்கள் லயத்து வரிசை வீடுகள் பக்கம் யாராவது வந்தால் கடிதமும் வரும். எனக்கு வந்த முதல் நேர்முகத் தேர்வுக் கடிதம், தேர்வு முடிந்து மூன்றாம் நாள் கைக்குக் கிடைத்தது. போனும் அப்படித்தான். லயத்துக்கு மேலே இருந்த கொய்யா மரத்தடியில் மட்டும்தான் சிக்னல். மழை பெய்தால் அதுவும் இல்லை. நீ ஒன்றும் யோசிக்கவில்லை. என் விண்ணப்பத்தில் விலாசத்துக்குக் கடையையும் நம்பருக்கு உன் நம்பரையும் எழுதிவிட்டாய். என்னைப் பார்த்து என் பெரியம்மா மகன் எழுதினான், அவனைப் பார்த்து அவன் கூட்டாளிமார். இப்படியே போய், எங்கேயோ ஒரு கம்பெனியில், ஒரே வீட்டில் எப்படிப் பதினோரு பேர் உயர்தரம் பாஸ் என்று கேட்டார்களாம். "எல்லாம் ஒரே வீடுதாங்க, ரூம் மட்டும் தூரம் தூரமா இருக்கு" என்று பதில் சொன்னவள் நீ.

இரண்டாவது வாய்ப்பை நானே கெடுத்துக்கொண்டேன். விண்ணப்பத்தில் உறவினர் அல்லாத இருவர் பெயர் கேட்டிருந்தார்கள். எங்கள் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் பெயரை எழுதியிருந்தேன். தேர்வு நடத்திய ஐயா, இவரை உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். எங்கள் மாமா என்றேன். அவர் பேனாவால் ஒரு கோடு போட்டார். அடுத்தவர்? அவர் எங்கள் சித்தப்பா. இன்னொரு கோடு. லயத்தில் யாரை நாம் முறை வைக்காமல் கூப்பிட்டிருக்கிறோம்? கணக்கப்பிள்ளைக்கும் எனக்கும் இரத்தச் சொந்தம் கிடையாது என்று சொல்ல வேண்டும் என்பதே எனக்குத் தோன்றவில்லை. கடைக்கு வந்து அழுதேன். நீ ஆறுதல் சொல்வாய் என்று பார்த்தால், மிஷின்மேல் கவிழ்ந்து விழுந்து விழுந்து சிரித்தாய். உள்ளேயிருந்து ஹாஜியார் வந்து, கடையில் யாருக்குப் பைத்தியம் பிடித்தது என்று கேட்டார். சிரித்து முடித்ததும் ஒரு சட்டம் போட்டாய். அன்றிலிருந்து உன் கையால் படிவம் நிரப்பும் யாரும், "உறவு இல்லைங்க, பழக்கம்தான்" என்று மூன்று தடவை சொல்லிக் காட்டாமல் கடையைவிட்டுப் போக முடியாது.

அதற்குள் வீட்டில் குவைத் பேச்சு வந்துவிட்டது. அப்பாவுக்கு முதுகு போய்விட்டது. அம்மா ஒருத்தி கொழுந்தெடுத்து எத்தனை வயிறு நிறையும்? ஏஜென்சிக்காரர் இரண்டு முறை வீட்டுக்கு வந்தார். பாஸ்போர்ட் எடுத்தாயிற்று, மெடிக்கலும் பாஸ். அந்த மாதக் கடைசியில் பயணம். யாரோ ஒருவர் வீட்டில் பாத்திரம் கழுவுவதற்கா உயர்தரம் படித்தேன் என்று எனக்குள் குமுறிக்கொண்டிருந்தேன். ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. உன்னிடம் மட்டும்தான் சொன்னேன். போக மனசில்லை என்று.

அந்தக் கிழமைதான் உனக்கு அந்த அழைப்பு வந்தது. இதே தொழிற்சாலை, ஆளெடுக்கும் இதே பிரிவு. என் பெயரைச் சொல்லி, எழுதுவினைஞர் வேலைக்குப் புஷ்பலதா இருக்கிறாரா என்று சிங்களத்தில் கேட்டிருக்கிறார்கள். நீ என்ன செய்திருக்க வேண்டும்? அவள் வெளியே போயிருக்கிறாள், சொல்லி அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். நீ, "நான்தாங்க புஷ்பலதா" என்று சொன்னாய். அவர்கள் நாலைந்து கேள்வி சிங்களத்தில் கேட்க, கடையில் நின்று நின்று ஊறிய உன் சிங்களத்தில் நீ வெளுத்து வாங்கியிருக்கிறாய். திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டார்கள்.

எனக்குச் செய்தி வந்த வழி இருக்கிறதே, அதைத்தான் ரிஸ்னா வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். நீ ஒரு துண்டில் எழுதி ஒரு மணி பஸ் கண்டக்டரிடம் கொடுத்தாய். அவர் சந்திக் கடையில் கொடுத்தார். கடைக்காரர் எங்கள் பக்கம் போகும் லொறியில் சொல்லிவிட்டார். லொறிக்காரர் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் சொன்னார். அம்மா அங்கே கூடையோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தார். பதுளையிலிருந்து கிளம்பிய துண்டில் இன்டர்வியூ என்று இருந்தது. மடுவத்துக்கு வந்து சேர்ந்தபோது துண்டைக் காணோம், செய்தி மட்டும் வளர்ந்திருந்தது. புஷ்பாவுக்கு வேலை கிடைத்துவிட்டது! பொழுது சாய்வதற்குள் லயத்துப் பெண்கள் எல்லாம் வந்து என் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார்கள். சந்தோஷத்தில் அம்மா செய்த காரியம் தெரியுமல்லவா? மறுநாள் காலையிலேயே போய், என் மகள் வரமாட்டாள் என்று ஏஜென்சிக்காரரிடம் சொல்லிவிட்டு வந்தார். எனக்கு வைத்திருந்த இடம் அன்றே வேறொருத்திக்குப் போய்விட்டது.

நான் பதறியடித்துக்கொண்டு கடைக்கு வந்தேன். அங்கே வந்தால், நீ சிங்களத்தில் பேசிய வீரக்கதையைச் சொல்கிறாய். எனக்குத் தெரிந்த சிங்களம் பஸ்ஸில் டிக்கெட் எடுக்க மட்டும்தான் காணும். குவைத்தும் போச்சு, இதுவும் போகப்போகிறது, இனிக் கொழுந்தெடுக்கப் பெரட்டுக்குப் போய்ப் பேர் பதிந்துகொள்ள வேண்டியதுதான் என்று உன்னைத் திட்டினேன். வாழ்நாளில் உன்னை அப்படி நான் திட்டியதில்லை. நீ ஒரு பிளேன்டீயை என் கையில் கொடுத்துவிட்டு நின்றாய்.

"நீ இல்லேன்னு சொல்லியிருந்தா அடுத்த பேருக்குப் போயிருப்பாங்க புள்ள. கதவத் தொறந்து வச்சிட்டேன். உள்ள போறது ஒன் வேல."

தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? திங்கள்வரை உன் வீட்டில் தங்கினேன். சந்தைக்கும் பார்மசிக்கும் என்னை முன்னால் தள்ளிவிட்டு நீ பின்னால் ஊமை மாதிரி நின்றாய். ஒரு கிலோ கத்தரிக்காய் கேட்டு நாலு கிலோ வாங்கி வந்தேனே, அந்தக் கிழமை முழுக்க உன் வீட்டில் கத்தரிக்காய்தான்.

திங்கட்கிழமை நீயும் என்னோடு பண்டாரவளைக்கு வந்து கேட்டடியில் நின்றாய். உள்ளே ஒரு சிங்கள ஐயாவும் ஒரு யாழ்ப்பாணத்து அம்மையாரும் இருந்தார்கள். ஐயாவின் முதல் கேள்விக்கு நான் கத்தரிக்காய்ச் சிங்களத்தில் பதில் சொன்னேன். அவர் அம்மையாரைப் பார்த்தார். அம்மையார் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"பிள்ளை, அப்ப போனில கதைச்சது ஆர்?"

பொய் சொல்ல எனக்கு எந்த மொழியிலும் வரவில்லை. எங்கள் லயத்தில் சிக்னல் இல்லை, கடிதம் நேரத்துக்கு வராது, பேசியது என் கூட்டாளி, அவள் பேசியது பிழை, ஆனால் நான் வந்திருப்பது உண்மை என்று கடகடவென்று சொன்னேன். வெளியே போகச் சொல்வார்கள் என்று எழுந்தும்விட்டேன். அம்மையார் உட்காரச் சொன்னார். அப்படியென்றால் செய்தி உங்களுக்கு எப்படி வந்தது என்று கேட்டார். கண்டக்டர், சந்திக் கடை, லொறி, மடுவம் என்று சொன்னேன். மடுவத்தில் அது வேலை கிடைத்துவிட்டதாக மாறியதையும், அம்மா ஏஜென்சிக்காரரிடம் போய் நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டதையும் சொன்னேன். அம்மையார் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு ஐயாவுக்கு எல்லாவற்றையும் சிங்களத்தில் சொன்னார். தோட்டப் பக்கத்திலிருந்து ஆள் எடுக்க அவர்கள் ஒரு வருஷமாகப் பாடுபடுகிறார்களாம், அனுப்பும் கடிதம் ஒன்றுக்கும் பதில் வருவதில்லையாம். இந்தப் பிரிவுக்கு வேண்டியது அந்த வழி தெரிந்த ஆள்தான், சிங்களம் ஆறு மாதத்தில் வரும் என்றார் ஐயா.

நான் ஓடி வந்து உன்னைக் கட்டிப்பிடித்தபோது நீ கேட்டடியில் என்ன செய்துகொண்டிருந்தாய்? காவலாளியோடு சிநேகமாகி, உள்ளே இன்னும் இரண்டு இடம் காலி என்று தகவல் எடுத்து வைத்திருந்தாய்! அம்மையார் உன்னையும் கூப்பிட்டு, அதில் ஒன்றுக்கு வருகிறீர்களா என்று கேட்டார். நான் உன் இடுப்பைக் கிள்ளினேன், சரியென்று சொல்லடி என்று. நீ நன்றி சொல்லிவிட்டு, வேறு இரண்டு பெயரை எழுதிக் கொடுத்தாய். பஸ்ஸில் வரும்போது உன்னோடு கதைக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஹாலிஎல தாண்டும்போது நீயே சொன்னாய்.

"நான் உள்ள போயிட்டா போனை யாரு எடுக்கிறது?"

அந்தக் கோபம் எனக்கு வெகுநாள் இருந்தது. உனக்குக் கிறுக்கு என்று எல்லோரிடமும் சொன்னேன். பிறகு ஒருமுறை கொழும்பிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்து, வேலை உலகத்தில் நெட்வொர்க்கிங் என்று எங்களுக்கு ஒரு நாள் முழுக்க வகுப்பு எடுத்தார். தெரிந்தவர் மூலம் தெரியாதவரை எப்படி அடைவது என்று திரையில் வட்டம் வட்டமாகப் போட்டுக் காட்டினார். அதை உன்னிடம் வந்து பெருமையாகச் சொன்னேன். பாவம், அவருக்கு மடுல்சீமை பஸ்ஸைக் காட்டியிருக்கலாமே என்றாய்.

போன தை மாதம் நீ போனாய். மூன்றே மாதத்தில் அந்த நோய் உன்னை எடுத்துக்கொண்டது. உன் சாவு வீட்டைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும், நீ இருந்திருந்தால் ரசித்திருப்பாய். வங்கியில், கடையில், ஹோட்டலில், எங்கள் தொழிற்சாலையில் வேலை செய்கிற அத்தனை பேரும் வந்து பந்தல் நிறைந்துவிட்டது. ஹாஜியார் ஒரு மூலையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெண்கள் ஒப்பாரியை நிறுத்தி மூச்சு வாங்கிய நேரம், உன் தலைமாட்டில் சேவல் கூவியது. யாரும் அசையவில்லை. எடுக்கப் பயம். உன் அம்மா என்னைப் பார்த்தார். நான் எடுத்தேன். யாரோ ஒரு கம்பெனி, ரமேஷ் இருக்கிறாரா என்று கேட்டது. நிமிர்ந்து பார்த்தால், பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு அந்த ரமேஷ் அழுதுகொண்டு நிற்கிறான். "டேய் ரமேசு, ஒனக்குப் புதன்கிழமை இன்டர்வியூடா" என்று சாவு வீட்டில் நான் கத்தினேன். அழுதுகொண்டிருந்த சனம் முழுவதும் சிரித்துவிட்டது. உன் அம்மாவும் சிரித்தார். பிறகு போனை என் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார்.

ரிஸ்னாவுக்கு இதுவரைதான் சொல்ல முடிந்தது. தர்ஷினியின் விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்தேன். தை மாதத்திலிருந்து எங்கள் அலுமாரியில் கிடந்தது, புதுப் பிரிவு திறப்பதால் இப்போது வெளியே எடுத்திருக்கிறார்கள். உன் கையெழுத்து, கடைசி வரிகளில் நடுங்கியிருந்தது. நான் மனேஜரிடம் போய், இந்தப் பிள்ளையின் நம்பர் என் பையில் இருக்கிறது, அதனால் நாளை நான் தேர்வுக் குழுவில் உட்காரமாட்டேன் என்றேன். உன் புண்ணியத்தில் இப்போது நான் சிங்களத்தில் சண்டையே பிடிப்பேன். அவர் விஷயத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டுச் சரியென்றார்.

தர்ஷினியின் சொந்த நம்பர் என்று தாளில் நீ எழுதியிருந்தது வேலை செய்யவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் சட்டை மாற்றுவது போல சிம் மாற்றுகிறார்கள். பழைய வழியையே பிடித்தேன். சந்திக் கடைக்குப் போன் பண்ணினேன். இன்டர்வியூ மட்டும்தான், வேலை இல்லை, இன்டர்வியூ மட்டும்தான் என்று மூன்று தடவை சொன்னேன். இப்போது மடுவத்துக்கு வாட்ஸ்அப் குழுவே இருக்கிறது, உடனே போட்டுவிடுவதாகச் சொன்னார்கள்.

இன்று காலை எட்டு மணிக்கு கேட்டடியில் தர்ஷினி நின்றாள். பக்கத்தில் அவள் அப்பா, கையில் ஒரு பெட்டி லட்டு. மகளுக்கு வேலை கொடுத்ததற்கு நன்றி சொல்ல வந்தாராம். வாட்ஸ்அப் வந்தாலும் எங்கள் மடுவம் திருந்தவில்லையடி. எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. பெட்டியைத் திறக்கவேண்டாம் என்று அவரிடம் கெஞ்சி, மகளை உள்ளே அனுப்பிவிட்டு, நீ அன்று நின்ற இடத்தில் அவரோடு நின்றேன். இப்படி வெளியே நிற்பது உள்ளே உட்கார்வதைவிடக் கஷ்டம் என்று நீ ஒருநாளாவது சொன்னாயா?

ரிஸ்னா பின்பு சொன்னாள், உறவினர் அல்லாதவர் யார் என்ற கேள்வி வருமுன்பே அந்தப் பிள்ளை, உறவு இல்லைங்க, பழக்கம்தான் என்று பாடம் ஒப்பித்துவிட்டதாம். எதற்கு என்று கேட்டதற்கு, கொமியூனிகேஷன் அக்கா சொல்லித்தந்தது என்றாளாம். பதினோரு மணிக்குத் தர்ஷினி ஓடி வந்தாள். முகத்தைப் பார்த்தே அவள் அப்பா லட்டுப் பெட்டியைத் திறந்துவிட்டார். காவலாளிக்குத்தான் முதல் லட்டு.

நான் ஓரமாகப் போய் உன் தாளை எடுத்தேன். கடைசிப் பெயரை வெட்டினேன். முப்பதும் முடிந்தது. எனக்கு நானே வைத்த கெடு, போனை அணைக்க வேண்டும். பட்டனில் விரலை வைத்துக்கொண்டு நின்றேன். இனி இந்த நம்பருக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று நினைத்ததும், உன் சாவு வீட்டில் வராத அழுகை இப்போது வந்தது.

சேவல் கூவியது.

எடுத்தேன். பதுளையில் ஏதோ ஒரு மருந்துக் கம்பெனி. கோகிலா இருக்கிறாரா என்று கேட்டார்கள். கோகிலாவா? உன் தாளில் அப்படி ஒரு பெயரே கிடையாது. நிமிர்ந்து தர்ஷினியைப் பார்த்தேன். வாய் நிறைய லட்டோடு நின்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"சித்தி மகள், அக்கா. போன கிழமைதான் நம்பர் குடுத்தேன்."

தாளைத் திருப்பினேன். பின்பக்கம் முழுக்க வெறுமையாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் வரியில் கோகிலா என்று எழுதினேன். அவங்களுக்கு இன்றைக்கே சொல்லி அனுப்புகிறேன் என்று போனில் சொல்லிவிட்டு, வழக்கமாகச் சொல்வதையும் சொன்னேன்.

"சொல்லுங்க. பேனா கையிலதான் இருக்கு."